ரயிலை நிறுத்திய மழை

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் உன் தங்கையும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கிறதே என்று மயங்கிவிடாதே, பேச்சு என்னுடையது. லாண்டரி ஓடுகிறது. பெரிய மெஷின் மறுபடியும் ஒழுகுகிறது, மெக்கானிக் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியே நாளைக் கடத்துகிறார்.

பத்திரிகையில் வந்த உன் கதையைச் சின்னவள் துணி மடிக்கும் மேசையில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினாள். அப்பா சாகிற அன்று விடாத மழை, கொடியில் வெள்ளை விரிப்புகள் நனைந்து தொங்குகின்றன, தண்டவாளத்தில் வெள்ளம் ஏறி ரயில் நின்றுவிடுகிறது, மகன் பாதி வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் நின்று அழுகிறான். படிக்கும்போதே அவள் அழுதுவிட்டாள். எனக்கு வாயெல்லாம் கசந்தது. லாட்ஜ் மேனேஜரும் படித்திருக்கிறார், ஏம்மா, எங்க பெட்ஷீட்டையும் இப்படித்தான் மழையில தொங்க விடுறீங்களா என்று கேட்டார். சிரித்து வைத்தேன். உன் அத்தை பேசியதற்குத்தான் சிரிக்க முடியவில்லை. அப்பா போன நாளிலிருந்து உன் பேச்சையே எடுக்காதவள் வீடு தேடி வந்து, இங்க வெயிலடிச்சாலும் வழியில வெள்ளமா இருந்திருக்கு, பிள்ளை மாட்டிக்கிட்டுத் தவிச்சிருக்கான், இதை ஏன் அண்ணி மறைச்சீங்க, நாங்க அவனை வாய்க்கு வந்தபடி பேசிட்டோமே என்று என்னைக் கடிந்துகொண்டு போனாள்.

வழியிலும் மழை இல்லை. அன்று காலை உன் ஊரிலிருந்து வரும் ரயிலில்தான் சித்தப்பா வந்து இறங்கினார், அவர் செருப்பில்கூட ஈரம் இல்லை. மாடித் தரை கொதித்தது. அப்பாவை உள்ளே கிடத்திவிட்டு, காய்ந்த விரிப்புகளை நான்தான் போய் எடுத்து வந்தேன், மறுநாள் லாட்ஜுக்குக் கொடுத்தாக வேண்டுமே. அப்பாவுக்கு முடியவில்லை என்றதும் டிக்கெட் பார்க்கிறேன் என்று முதல் நாள் சொன்னவன் பிறகு போனை அணைத்துவிட்டாய். பொழுது சாயும்வரை அப்பாவை எடுக்கவிடாமல் எல்லோரையும் நிறுத்தி வைத்தேன், வெயிலில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், வருவான் வருவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சின்னவள் உனக்குப் பரிந்து பேசுகிறாள். கதையில் மழை என்றால் வெறும் மழை இல்லையாம், மனத்துக்குள் இருக்கும் துக்கத்தை வெளியே காட்டுவதாம், இருட்டு வீடு என்றால் அதில் இருப்பவர்களின் மனமாம், டீச்சர் சொல்லிக்கொடுத்தாராம். எனக்கும் புரிகிறது. உன் துக்கத்துக்கு மழைதான் வேண்டும் என்றால் பெய்யட்டும், ஊரையே மூழ்கடி, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். ஆனால் துக்கத்துக்காகப் பெய்த மழை ரயிலை எதற்கு நிறுத்த வேண்டும், அது எதைக் காட்டுகிறது என்று அவளைக் கேட்டேன். பேனாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் மறுபடி எழுத உட்காரவைத்தேன்.

கதை புத்தகமாக வரப்போகிறது என்றாய். அதற்குள் அந்த ரயிலை ஓடவிடு. மகன் ஏன் ஏறவில்லை என்று எழுது. அப்பாவை அப்படிப் பார்க்கப் பயமா, எங்கள் மேல் வெறுப்பா, வேலைதான் பெரிதாகத் தெரிந்ததா, எதுவானாலும் எழுது. எனக்கு இன்றுவரை தெரியாது. போனில் கேட்டால் சரியாகக் கேட்கவில்லை அம்மா என்கிறாய். கதையில் படித்தாவது தெரிந்துகொள்கிறேன்.

எத்தனை கோபம் இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. இருமலை இழுத்தடிக்காமல் டாக்டரைப் பார். அத்தையிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை, நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா

கவரை ஒட்டுவதற்கு முன் நானாகச் சேர்ப்பது: அண்ணா, அன்று நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். சித்தப்பா இறங்கிப் போன பிறகும் கடைசிப் பெட்டிவரை ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். அம்மாவுக்கு இது தெரியாது. தங்கை.