ஓட்டுபவரின் நிறை

சிலாவத்துறை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலில் அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டபடி உங்கள் மனைவி நசீறா எழுதுவது. மாமி சுகம், பிறஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறா. கராஜில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு பெண் பிள்ளை எஞ்சினைக் கழற்றுவதைப் பார்க்க வந்தவர்கள் இப்போது வண்டியோடு வருகிறார்கள்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வசனம் தொடங்கினால் அதை நீங்களே முடித்துவிட்டு, சரி வைக்கிறேன் என்பீர்கள். கடிதத்தை இடையில் வெட்ட ஏலாது. வஸீர் நானா லீவு முடிந்து அங்கே கட்டாருக்குத் திரும்புகிறார், அவர் கையில் கருவாட்டோடு சேர்த்து இதையும் கொடுத்து விடுகிறேன். முதலில் கடிதம், பிறகு கருவாடு.

விஷயம் உங்கள் தங்கச்சி றிம்ஷாவைப் பற்றியது. அவள் கிளினிக் போவதை நிறுத்திவிட்டாள். மாமி உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டா. முருங்கன் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ் சொன்னது உங்களுக்கும் தெரியும்: விடாமல் வந்தால் ஊன்றுகோலோடு நடப்பாள், விட்டால் கால் இறுகிவிடும். ஆனால் நமது ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் அந்த அடி அவள் முதுகில் ஏறுகிறது. கடைசியாகப் போய் வந்த அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மச்சி, நான் நடக்காட்டிப் பரவாயில்ல. இந்த வண்டியில மட்டும் என்னை ஏத்தாதீங்கோ" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

வான் பிடிக்கச் சொன்னீர்கள். பிடித்தோம். அந்த உயரப் படியில் அவளைத் தூக்கி ஏற்ற ஆம்பிளைகள் வேண்டும். பிற ஆம்பிளைகள் தூக்குவதற்கு அவள் சம்மதிக்கவில்லை. தூக்கக்கூடிய ஆள் டோஹாவில் இருக்கிறார். ஆட்டோ என்றால் தாழ்வு, நானும் மாமியும் போதும். அதனால் ஆட்டோவைத்தான் திருத்த வேண்டும் என்று முடிவெடுத்தேன். பின்பக்க ஸ்பிரிங்கையும் குலுக்கலை அடக்கும் ஷொக்கையும் அவளுக்கு ஏற்றபடி புதிதாகச் செய்யப்போகிறேன்.

ஒன்றைப் பூட்டி ஓடிப் பார்த்து, சரிவராவிட்டால் இன்னொன்றைப் பூட்டுவதற்கு றிம்ஷாவின் முதுகு பரீட்சைச் சாமான் இல்லை. கணினியில் வண்டியைப் பள்ளத்தில் விழுத்திப் பார்த்த பிறகுதான் இரும்பைத் தொடுவேன். டெக்னிக்கல் கொலிஜில் நான் படித்ததும் இதற்குத்தானே.

அதற்கான மென்பொருள் தேடித்தான் களைத்துப் போனேன். பெரிய கம்பனிக்காரர் விற்பதன் ஒரு வருட வாடகைக்கு இங்கே ஆட்டோவே வாங்கலாம். ஒரு மாதம் சும்மா பார்க்கத் தருவார்கள், பிறகு அது தானே பூட்டிக்கொள்ளும், நாம் போட்ட கணக்கும் உள்ளே மாட்டிக்கொள்ளும். மலிவாக இன்னொன்று கிடைத்தது. அதற்கு நாலு சில்லு வேண்டுமாம். மூன்று சில்லு வண்டியும் ஒரு வண்டிதான் என்று அதற்கு யார் சொல்வது?

அந்தப் பெரிய கம்பனியின் மென்பொருளை உங்கள் கூட்டாளி பூட்டுடைத்துத் தந்ததென்று நீங்கள் அனுப்பிய பென்ட்றைவ் அலுமாரியில் அப்படியே கிடந்தது. வஸீர் நானாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம். களவெடுத்த சாமானால் கணக்குப் போட்டு, பிஸ்மி சொல்லி அவளை வண்டியில் ஏற்ற எனக்கு மனம் வராது. அதோடு, உடைத்த பூட்டுக்குள்ளே என்ன வைரஸ் பூச்சி இருக்குமோ தெரியாது, கராஜில் இருப்பது ஒரே ஒரு லப்டொப்.

கடைசியில் ஏதோ ஒரு நாட்டுப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் செய்து இலவசமாக விட்டிருக்கும் ஒன்றை எடுத்தேன். பார்க்க வடிவில்லை, வண்டி கோடு கோடாகத் தெரியும். ஆனால் நமது கிழட்டு லப்டொப்பில் ஓடுகிறது, மூன்று சில்லையும் ஏற்கிறது. சும்மா கிடைத்தது என்பதற்காக நான் அதை நம்பவில்லை. பழைய ஆட்டோ வாங்கப் போனால் நீங்கள் அதை முதலில் எங்கே கொண்டுபோவீர்கள்? மதகடிப் பள்ளத்துக்கு. நானும் அங்கேதான் போனேன். பள்ளத்தை அளந்தேன். பின் சீற்றில் அரிசி மூட்டையை இருத்தி, அதன்மேல் போனைக் கட்டி, அது எவ்வளவு தூக்கிப் போடுகிறது என்று பதிந்தேன். பிறகு அதே பள்ளத்தை மென்பொருளுக்குக் கொடுத்தேன். போன் பதிந்த கோடும் மென்பொருள் வரைந்த கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தன. அல்ஹம்துலில்லாஹ், அன்றைக்கு நான் சாப்பிட்ட சோறு ருசித்தது.

யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த றிம்ஷா, மூட்டைக்கு முதுகு நோகுதா என்று கேட்டாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு பகிடி!

ஆனால் பிழை விட்டேன். அவள் நிறையை மட்டும் பின்னுக்கு வைத்து, மெத்தை போன்ற ஒரு ஸ்பிரிங்கைக் கணக்கிட்டுப் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். முருங்கனுக்குப் போய் வெறுமனே திரும்பிய ஆட்டோ நமது ஊரில் இருக்கிறதா என்று கேட்டாள். உண்மைதானே. போகும்போது பக்கத்து வீட்டு ராத்தா ஏறுவா, வரும்போது ஆலை அரிசி ஏறும், ஏற்றாவிட்டால் ஊர் ஏசும். அவ்வளவு பாரத்துக்கு என் மெத்தை ஸ்பிரிங் அடியோடு படுத்துவிடும், பள்ளத்தில் முன்னையதைவிட மோசமாக இடிக்கும். இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு இது மறந்துபோனது. மாமியையும் ராத்தாவையும் மூட்டையையும் ஏற்றித் திரும்பக் கணக்குப் போட்டேன்.

அன்றிலிருந்து லப்டொப் அவள் கட்டிலில். நான் கராஜில் நிற்கும்போது அவள் ஒவ்வொரு இலக்கமாக மாற்றிப் பார்க்கிறாள். ஷொக்கின் இறுக்கத்தைச் சரிபண்ணியது அவள்தான்.

நேற்றுத் திறந்து பார்த்தேன். ஓட்டுபவரின் நிறை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என் நிறையைத்தான் போட்டிருந்தேன். அது மாறியிருந்தது. என்னைவிட இருபது கிலோ கூட. ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே, "எங்கட நானாதானே ஓட்டுவார்" என்றாள். அவளுடைய நானா, நீங்கள்.

மச்சான், றிம்ஷா அடிபட்ட அன்று, மாடு குறுக்கே வந்தபோது ஓட்டியது நீங்கள் என்பதை இந்த வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. நீங்களும் அதைச் சொல்லாமலே கட்டாருக்குப் போய்விட்டீர்கள். அதைப் பற்றி அவள் சொன்ன ஒரே சொல் இதுதான். போனில் சொன்னால் நீங்கள் வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வவுனியாவில் ஸ்பிரிங் சுற்றுபவரிடம் பேசிவிட்டேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நோன்புக்கு முன் றிம்ஷா கிளினிக் போவாள். வேறு ஆள் இல்லாவிட்டால் நான் ஓட்டுவேன். ஆனால் அந்தக் கட்டத்தில் அவள் போட்டதை நான் அழிக்க மாட்டேன்.

அவள் போட்டது நீங்கள் போகும்போது இருந்த நிறை. வீடியோ கோலில் பார்த்துவிட்டு, பிள்ளை மெலிந்துபோனான் என்கிறா மாமி. கணக்குப் பிழைக்கக் கூடாது. அல்லாஹ் உங்களைப் பத்திரமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கட்டும். வந்து கராஜ் தராசில் ஏறி நில்லுங்கோ, நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் வரவுக்கு துஆச் செய்யும்,
நசீறா.