சூசையப்பருக்கு ஒரு வாய்

என் செல்லப் புஷ்பா அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். இனி உனக்கு வலி கிடையாது, அது போதும். நான் எழுத வந்தது வேறு விஷயம். எனக்கு இன்னும் சுகுணாமேல் பொறாமை தீரவில்லை. செத்துப்போன அக்காவிடம் சொல்லும் விஷயமா இது என்று படிக்கிறவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ படுக்கையில் விழுந்ததும் வாழப்பாடியில் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சூரமங்கலத்துக்கு ஓடி வந்தவள் நான். கஞ்சி காய்ச்சியது நான், வாந்தி அள்ளியது நான், ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நின்றது நான். பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து கையை வீசிக்கொண்டு வந்தவள் சுகுணா. ஆனால் நீ சிரித்தது அவளிடம்தான்.

அந்தத் தட்டுவடை செட்டை எப்படி மறப்பேன்? பச்சைக் காய் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ கேரட்டையும் பீட்ரூட்டையும் வேகவைத்துத் துருவி, சட்னி தடவிய இரண்டு தட்டுவடைக்கு நடுவே வைத்து, உன் கட்டிலோரம் முக்காலியைப் போட்டு, தள்ளுவண்டிக் கடை மாதிரிப் பரப்பிவிடுவாள். வேகவைத்த பீட்ரூட்டில் யாராவது செட் போடுவார்களா? சேலத்தில் பிறந்து வளர்ந்த நீ அதைக் கேட்டு வாங்கித் தின்றாய்.

என் கஞ்சி மட்டும் உனக்கு இறங்காது. நம் அம்மா நமக்கு ஊட்டியதுபோல, ஒரு கரண்டிக்கு ஒரு புனிதரைச் சொல்லி ஊட்டுவேன். மாதாவுக்கு ஒரு வாய், சூசையப்பருக்கு ஒரு வாய், அந்தோணியாருக்கு ஒரு வாய். செபஸ்தியார் வருவதற்குள் வாயை மூடிக்கொள்வாய். அம்பு பட்ட மனுஷன், பாவம், அவருக்கு இல்லையா என்று கெஞ்சுவேன்.

அடுப்படியில் நிற்கும்போது நீங்கள் இருவரும் வயிறு குலுங்கச் சிரிப்பது கேட்கும். கிண்ணத்தோடு நான் உள்ளே நுழைந்ததும் சட்டென்று நின்றுவிடும். சுகுணா தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள். நீ என்னையே உற்றுப் பார்ப்பாய். என் கையை, என் வாயை, நான் கரண்டியை ஊதுவதை. என்ன பார்க்கிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாய். இவள் எப்போது வெளியே போவாள் என்று பார்க்கிறாய் என்றுதான் நினைத்தேன். உன் அடக்கத்தன்று சுகுணா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் கையை எடுத்துவிட்டேன்.

இப்போது இங்கே உள்ள செய்தியைக் கேள். என் வீட்டுக்காரருக்கும் புற்றுநோய். உனக்கு மார்பில், இவருக்கு வயிற்றில். எடை கொஞ்சமாவது ஏறினால்தான் அடுத்த மருந்து ஏற்ற முடியும் என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் வாயைத் திறந்தால்தானே? எந்தப் புனிதரைச் சொன்னாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வீட்டில் ரேடியோகூடப் போடுவதில்லை. இவர் இப்படிக் கிடக்கும்போது எனக்கு என்ன பாட்டு, என்ன பூ? நீ இருந்தால் திட்டியிருப்பாய்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது டவுன் பஸ்ஸிலேயே இவருக்குத் தலை சுற்றியது. நீ போன பிறகு சூரமங்கலத்தில் இறங்கினால் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான். வேறு வழியில்லாமல் சுகுணா வீட்டுக் கதவைத் தட்டினேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரைக் கைத்தாங்கலாகக் கட்டிலில் உட்காரவைத்து, ரசஞ்சோறு கரைக்கப் போய்விட்டாள். அவள் அப்படி நல்லவளாக இருந்ததுகூட எனக்கு எரிச்சல்தான்.

வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனேன். கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

“மாதாவுக்கு ஒரு வாய்ங்க. சூசையப்பருக்கு ஒரு வாய். அந்தோணியாருக்கு ஒரு வாய். இது செபஸ்தியாருக்கு. அம்பு பட்ட மனுசன், பாவம், அவருக்கு இல்லீங்களா?”

என் இழுவை, அக்கா. என் கெஞ்சல், என் ஊதல். மல்லசமுத்திரத்தில் பிறந்து, மாரியம்மனைத் தவிர வேறு சாமி தெரியாதவள், நம் புனிதர்களை நம் வீட்டு வரிசையிலேயே சொல்கிறாள். எட்டிப் பார்த்தேன். இவர் வாய் நிறையச் சோற்றோடு சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அக்கா போதாதென்று என் புருஷனுமா?

அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டாள்.

“புஷ்பாக்காதானுங்க நடிச்சுக் காட்டுவாங்க. நீங்க நடக்கறது, ஊதறது, எல்லாமே. நீங்க கஞ்சி கொண்டாந்தா உத்து உத்துப் பாப்பாங்கல்லங்க, அது மறுநாளைக்கு நடிக்கறதுக்குங்க. நீங்க ஊருக்குப் போன அன்னைக்கெல்லாம் அக்காவுக்குச் சிரிப்பே கெடையாதுங்க.”

அடிப் பாவி. நான் வெளியே நின்று வயிறெரிந்த அந்தச் சிரிப்பெல்லாம் நான்தானா? கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் சுகுணாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். உன் கடைசி நாட்களில் உனக்குச் சந்தோஷம் கொடுத்தவர்களில் நானும் இருந்தேன் என்பதில் நெஞ்சு நிறைந்துபோனது.

ஆனாலும் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. நீ என்னை நடித்ததை அவள் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. என் முன்னால் ஒரு தடவை நடித்துக் காட்டியிருந்தால் என்ன? கோபித்துக்கொள்வேன் என்று பயந்தாயா? கோபித்துக்கொண்டுதான் இருப்பேன்.

நேற்று பீட்ரூட்டை வேகவைத்தேன். இவர் கட்டிலோரம் முக்காலியைப் போட்டு, தட்டுவடைகளை அடுக்கி, கூச்சத்தை விட்டு என்னையே நான் நடித்துக் காட்டினேன்.

“உனக்கு வரல. சுகுணா நல்லாப் பண்ணுது,” என்றார் இவர்.

கேட்டாயா? நான் நானாக இருப்பதற்குக்கூட அவள்தான் வேண்டுமாம். ஆனால் என்னைக் குறை சொல்லிக்கொண்டே செபஸ்தியாரைத் தாண்டிவிட்டார். அதற்குமேல் யாரைச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. சுகுணாவின் மாரியம்மனைச் சேர்த்துக்கொண்டேன். அதற்கும் சிரித்தார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இவர் எடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் தினமும் அந்த முக்காலியைப் போடுவேன், ரேடியோவையும் போடுவேன். பதிலுக்கு நீ ஒன்று செய். அங்கே நம் அம்மாவிடம்கூட என்னை நடித்துக் காட்டிவிடாதே. இந்தத் தடவை முதலில் பார்ப்பது நானாக இருக்க வேண்டும்.

கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நிற்கும்,
உன் தங்கை லில்லி