பொண்ணு எப்படின்னு கேட்டாங்க

நவம்பர் 12, புதன்

காய்கறி மண்டியில் வேலை முடிந்து வந்து குளித்தும் கையில் முருங்கைக்காய் வாசனை போகவில்லை. இரண்டு மணி நேரமாக ஒரே கேள்வியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். 'நீங்களாக எடுத்த ஒரு முடிவை விவரிக்கவும்.' மூன்றாவது வருஷமாக அதே எம்.பி.ஏ. விண்ணப்பம், கிட்டத்தட்ட அதே கேள்வி. சென்னையில் இருப்பவர்களுக்கு இதைத் திருத்திக் கொடுக்கத் தெருவுக்கு ஒரு சென்டர். எனக்குத் திண்டுக்கல் - ஒட்டன்சத்திரம் பஸ்தான். அதிலும் உட்கார இடம் கிடைத்தால் யோசிக்கலாம்.

போன ஓணத்துக்குக் கேரளாவுக்குக் காய் அனுப்பியதைப் பற்றி எழுதினேன். எல்லா லோடையும் ஒரே சந்தைக்கு அனுப்பச் சொன்னார் முதலாளி. நான் மல்லுக்கு நின்று பாதியை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டேன். அந்தச் சந்தையில் காய் தேங்கி அழுகியது, திருப்பிவிட்ட பாதி தப்பித்தது. வாசித்துப் பார்த்தால் வரிக்கு வரி 'நாங்கள்'. 'நான்' என்று மாற்ற ஏன் இவ்வளவு கூச்சம்?

நவம்பர் 19

பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்று முதலாளி நல்லுசாமியிடம் கேட்டேன். "நீயே எழுதிக்கம்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். படிக்காமலே போட்டார், சீலும் வைத்தார். என்னை நானே புகழ்ந்ததில் இன்றைக்கு முழுக்க ஒரு மாதிரி இருந்தது.

நவம்பர் 30

அனுப்பியாச்சு. தூங்கணும்.

பிப்ரவரி 14, சனி

சென்னையில் நேர்முகம். இருபது நிமிஷத்துக்காகப் போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம். சுமாராகப் பேசினேன். மண்டியிலும் விசாரிப்போம் என்றார்கள்.

அம்மா கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "இந்த வருசத்தோட இதுக்கு ஒரு முடிவு கட்டு பானு. கெடைக்கலேன்னா நாங்க பாக்குற எடம்தான்." சரி என்றேன். சண்டை போடத் தெம்பில்லை.

மார்ச் 6

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "உனக்கு நல்ல எடமா அமையும் பாரு. மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, பொண்ணு எப்படின்னு கேட்டாங்க. தங்கமான பொண்ணுங்க, இருக்கற எடமே தெரியாதுங்க, எதுத்து ஒரு வார்த்தை பேசாதுங்கன்னு சொல்லிட்டேன்."

யாரென்று கேட்டேன்.

"காலேஜ்ல இருந்து பேசறோம்னாங்க. மாப்ள வாத்தியாரா இருக்கும். பொண்ணு தானா முடிவெடுக்குமான்னு வேற கேட்டாங்க. அய்யோ, பெரியவங்க சொல்றதத் தாண்டாதுங்கன்னேன்."

கத்திவிட்டேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். "என் மூணு வருசத்த ஒரு போன்ல முடிச்சுட்டீங்களே மொதலாளி! அது நான் படிக்கப் போற காலேஜ்! எதுத்துப் பேசவே மாட்டேனா நான்? ஓணத்துக்கு யாரு பேசுனா?" இன்னும் என்னென்னவோ. பிறகு சாக்குக் கட்டுக்குப் பின்னால் போய் அழுதேன்.

அவரைச் சொல்லி என்ன? இந்தப் பக்கம் ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்தால் வேறு எதற்கு விசாரிப்பார்கள்? நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நான் அந்தக் கடிதத்தை ஒருதரம் வாசித்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அவர் தமிழில் கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 7

அவர் என்னோடு பேசவில்லை. வந்த நம்பருக்கே திரும்பக் கூப்பிட்டாராம், எழுத்தில் அனுப்பச் சொன்னார்களாம். மண்டி லெட்டர்பேடில் தமிழில் தானே எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கம். இங்கிலீஷில் மாற்றித் தரவா என்றேன்.

"வேண்டாம். போன தடவ நீ எழுதுனத நான் படிக்கல. இத நீ படிக்காத."

கவரை ஒட்டி, கூரியருக்கும் அவரே போனார்.

ஏப்ரல் 2

ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 17

அம்மா ஒரு போட்டோவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருக்கிறாள். நான் திருப்பிப் பார்க்கவில்லை, எடுத்து வைக்கவுமில்லை. மெயில் பார்க்கக்கூட அலுப்பாக இருக்கிறது. இனி எதற்கும் என்னால் 'ஏன் நான்' என்று முன்னூறு வார்த்தை எழுத முடியாது.

மே 4, திங்கள்

மத்தியானம் முதலாளி ஒரு வெள்ளை அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"வாசல்ல மாட்டணும். ஆள் தேவைன்னு எழுது."

எழுதினேன்.

"கம்ப்யூட்டர் தெரியணும். மலையாளம் பேசணும். ஜூன் பத்துக்குள்ள வரணும், அதுக்கப்புறம் நீ காலேஜுக்குப் போயிருவ. மெயிலே பாக்கலியாமே நீ, எடம் குடுத்தாச்சுன்னு அந்தம்மா காலைல எனக்குப் போன் பண்ணாங்க." அட்டையின் நடுவில் விரலை வைத்தார். "எதுத்துப் பேசத் தெரியணும். அதப் பெருசா எழுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்துகொண்டேன். "இதப் பாத்துட்டு யாரு மொதலாளி வருவா?"

"இப்பவும் எதுத்துத்தான பேசற? எழுதும்மா."

பெரிதாகவே எழுதினேன். இடம் பத்தாமல் மண்டிப் பெயரை ஓரத்தில் சின்னதாகப் போட வேண்டியிருந்தது.