ப்ராபப்ளி போடாமல் பதில் எழுது

பூந்தமல்லி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹிபாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய், இல்லை என்று எழுதினால் நீ அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய், அதனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். கிளாஸ்கோவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, உன் உடம்பை அல்லாஹ் காப்பாற்றட்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்கு அழுகை வரமாட்டேன் என்கிறது, அதைப் பார்த்து நீ இன்னும் அழுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் மேல் கோபமாக இருக்கிறேன்.

நீ அனுப்பிய மெசேஜை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அத்தா, ஐ குட் பாசிப்ளி ஜஸ்ட் ஸ்டாப் த கோர்ஸ், ஐ ஷுட் ப்ராபப்ளி பீ வித் யூ. இந்த மாதக் கடைசிக்குள் காலேஜில் சொல்லியாக வேண்டும் என்று வேறு எழுதியிருக்கிறாய். இது என்ன பேச்சு ஹிபா? குட் ஒன்று, அதன் பின்னால் ஒரு பாசிப்ளி, அது போதாதென்று ஒரு ஜஸ்ட். போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் ஒரு வாஷர் போடுவது வழக்கம். மூன்று வாஷரைச் சொருகினால் நட்டு ஏறுவதற்கு மரையே மிஞ்சாது, கையால் தட்டினாலே கழன்று விழும். படிப்பை விடப்போகிறேன் என்று நேராகச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் விட உனக்கு மனம் இல்லை. அப்படியிருக்க எதற்கு எழுதினாய்?

எதற்கு என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து அந்த டாக்டர் வீடியோ காலில் உன்னிடம் பேசினாரே, ஷீ ஷுட் ப்ராபப்ளி பீ ஃபைன் பை த வீக்கெண்ட் என்று, அதை நம்பித்தானே டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாய். பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வந்த காய்ச்சல், தானே இறங்கிவிடும் என்றார். உன் அம்மா வார இறுதியைப் பார்க்கவே இல்லை. எங்கள் கம்பெனியில் சரக்கு அனுப்பும் சீட்டில் யாராவது ஷுட் பீ ஓகே என்று எழுதினால் அந்தச் சீட்டைக் கிழித்து மூஞ்சியில் போடுவேன். அந்த ஆளிடமும் போய்க் கேட்டேன் ம்மா. தலையைக் குனிந்துகொண்டு, வீ குட் நாட் ரியலி ஹாவ் நோன் என்றார். அதிலும் ஒரு ரியலி. மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது, கை எழவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நன்றி! எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை. ஆனால் ஒன்று கேள். அந்த ப்ராபப்ளி அவருடைய வாயிலிருந்து வந்தது, உன் வாயிலிருந்து இல்லை. அன்றைக்கு வர முடியவில்லை என்பதற்காக இப்போது மொத்தமாக வந்து உட்கார்ந்துவிட்டால் அது சரிக்கட்டிவிடுமா? உனக்கு நீயே தண்டனை எழுதிக்கொண்டு அதற்கு என் பெயரைப் போடாதே.

இதற்குத் தூபம் போட்டது உன் வசீம் மாமா என்பதும் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது தோளில் கை போட்டு, மச்சான், ஊட்ல ஒரு பொம்பள இல்லாம இன்னா மச்சான் பண்ணுவ, அதான் ஹிபாவாண்ட பேசிகீறேன், வந்துரும் என்று சொல்கிறான். அக்காவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த கையோடு அவனுக்கு என் சோற்றுக் கவலை. நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு அரிசி களையத் தெரியாதா என்று மெட்ரோ தூணுக்குக் கீழே நின்று நடு ரோட்டில் கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். இன்னா மச்சான் இப்டி கத்துற, நல்லதுக்குத்தான சொன்னேன் என்றான். நல்லதாம். அவன் கூப்பிட்டால் இனிமேல் போனை எடுக்காதே. எடுத்தாலும் சலாம் சொல்லிவிட்டு வைத்துவிடு, பெரியவர்களை மதிக்கவில்லை என்று பேச்சு வேண்டாம்.

அப்புறம், அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். அவளுடைய போனை நான் அணைத்து வைத்துவிட்டேன், கிளாஸ் குரூப் அதில்தான் இருந்தது, யாருக்கும் சேதி போகவில்லை. போன வாரம் எல்லோரும் வழக்கம்போல வந்து நிற்கிறார்கள். பாடி பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிற ஏகாம்பரம் அண்ணன்தான் முன்னால். மேடம் போயிட்டாங்க என்றேன். ஊருக்கா சார், எப்ப வருவாங்க என்று கேட்டார். மௌத் ஆகிட்டாங்க என்று சொன்னதும் ஒரு செருப்பைக் கழற்றியபடி அப்படியே நின்றார். தமிழில் அவருக்கு ஒன்றும் வரவில்லை. மேடம் குட் நாட் பாசிப்ளி டை சார் என்றார். அவள் சொல்லிக்கொடுத்த வாக்கியம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, செத்துட்டா யா, குட் நாட் எல்லாம் கிடையாது, செத்துட்டா என்று கத்திவிட்டேன். அந்த மனுஷன் வாசலில் உட்கார்ந்து அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் தெரியாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து நானே பாடம் எடுத்தேன், வில் டெஃபனிட்லி என்றால் என்ன, மைட் என்றால் என்ன என்று. முடியாத வேலையை முடியும்போல எப்டி சார் சொல்றது என்று ஏகாம்பரம் கேட்டார். மே பாசிப்ளி என்றேன். அப்ப எங்க ஓனர் பேசுறது பூரா மே பாசிப்ளிதான் சார் என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், மௌத் நடந்த இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. துணிக்கடையில் வேலை பார்க்கும் அகல்யா போகும்போது, மேடம் இப்டி திட்ட மாட்டாங்க சார், நீங்க ஒர்க்‌ஷாப் மாதிரி கத்துறீங்க, ஆனா அடுத்த வாரம் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனது. இன்றைக்கும் வந்தார்கள். கத்திக்கொண்டேதான் எடுத்தேன்.

அதனால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. எனக்கு வேண்டியது உன் அம்மா. அது நடக்காது. அதற்குப் பதிலாக நீ பாதியில் படிப்பை விட்டுவிட்டு வந்து ரசம் வைத்தால் அந்த ரசம் என் தொண்டையில் இறங்காது. லீவுக்கு வா ம்மா. வந்து இரண்டு பேரும் சேர்ந்து அழலாம், நீ பக்கத்தில் இருந்தால் எனக்கும் வரலாம். அம்மாவை அடக்கிய கபர்ஸ்தானுக்குள் பெண்கள் வரக்கூடாது என்பார்கள், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் திரும்பிப் போகும் டிக்கெட்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வா. அது இல்லாமல் வந்து இறங்கினால் வீட்டுக் கதவைத் திறக்கமாட்டேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஐந்து வேளையும் அம்மாவுக்கு துஆ செய். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், எதையும் நேராகச் சொல்லும் நாக்கையும் தரட்டும். மாதக் கடைசிக்குள் எனக்குப் பதில் வரவேண்டும். படிப்பை முடிப்பேன் என்று தமிழில் எழுது. இங்கிலீஷில் எழுதினால் நடுவில் எதையாவது சொருகிவிடுவாய். இன்ஷா அல்லாஹ் மட்டும் போட்டுக்கொள், ஆனால் உன் அம்மா போடுவதுபோலப் போடு. அவள் அதைச் சொல்லும்போது பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருப்பாள்.

உன் அத்தா,
ஜுல்ஃபிகர்