கோல் தேவைப்படாத அறை

ஜூன் 2

மறுபடியும் மேஜையில் இடித்துக்கொண்டேன். அதே வலது முழங்கால். என் அறை, என் மேஜை, நானே வாங்கிப் போட்டது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் வீட்டு விசாரணையாம். எனக்கும், எதிர் அறை டிரைவருக்கும்.

எனக்குப் பார்வையற்றோருக்கான தொகை. அவருக்குச் சர்க்கரையில் காலை எடுத்து, பஸ் ஓட்டுவது நின்றபிறகு வந்த தொகை. தனித்தனி ஆள், தனித்தனி அறை, தனித்தனி அடுப்பு. அலுவலகத்துக்கு அப்படித்தான் தெரியும். ஒரே குடும்பம் என்று ஆகிவிட்டால் என் தொகை பாதியாகிவிடும். அதனால் மூன்று வருஷமாக என் அறையில் என் பழைய துணிமணி குடியிருக்கிறது, நான் எதிர் அறையில் குடியிருக்கிறேன்.

இந்தப் பிரெய்ல் புள்ளி எழுத்தைக் குத்தும் சத்தம் கேட்டு அவர் கேட்கிறார்: "என்னைப் பத்தி என்ன போட்டுக் குத்துற?"

ஜூன் 5

ஒத்திகை. நான் கோலோடு போய்க் கதவைத் தட்ட வேண்டும். அவர் மரியாதையாக "யாருங்க?" என்று கேட்க வேண்டும்.

தட்டினேன். "அட, உள்ள வா, டீ ஆறுது!"

அந்த வாயில் எனக்கு ஒரு "வாங்க" வரமாட்டேன் என்கிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரிப்பு அடங்கியபிறகு என்னவோ போல் இருந்தது. இந்த வயதில் ஒளிந்து விளையாடிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 8

என் அடுப்பில் வேண்டுமென்றே பாலைப் பொங்கவிட்டேன். புழங்குகிற அடுப்பு என்று தெரிய வேண்டுமே. கறை நன்றாகத் தெரிகிறதா என்று டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பிரமாதம். பார்த்தா இந்த மகராசி தினமும் பாலைத் தீய்க்கிறாள்னு நினைப்பாங்க" என்றார்.

ஜூன் 11

வந்துவிட்டுப் போய்விட்டார்கள். புள்ளி தப்புத் தப்பாக விழுகிறது.

விசாரணைக்கு வந்தது ஒரு அம்மா. அதட்டாத குரல். முதலில் என் அறை. நாற்காலி போடப் போய் மேஜையில் இடித்தேன். டம்ளர் எடுக்கப் போய் அலமாரியைத் தடவிக்கொண்டே நின்றேன். "பரவாயில்லம்மா, இருக்கட்டும்" என்றார்.

"எதிர் ரூம் ஐயாவைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

கோலோடு போனேன், தட்டினேன். டிரைவர் "வாங்க வாங்க" என்றுகூடச் சொல்லிவிட்டார். நிம்மதியாக இருந்தது. டீயைக் குடித்துக்கொண்டே பதில் சொன்னாரா, புரையேறிவிட்டது. இருமல் நிற்கவே இல்லை.

அவ்வளவுதான். கோலை எங்கே போட்டேன், தெரியாது. முக்காலியைச் சுற்றிக்கொண்டு நேரே போய், டம்ளரை எடுத்து, விளிம்பில் விரலை வைத்துத் தண்ணீர் பிடித்து, அவர் கையில் கொடுத்து முதுகைத் தட்டினேன். "எத்தனை தடவ சொல்றது, குடிக்கும்போது பேசாதீங்கன்னு!"

இருமல் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மா கோலை எடுத்து என் கையில் கொடுத்தார். "உங்க ரூம்ல இடிச்சுக்கிட்டே இருந்தீங்க. இங்க ஒண்ணுலயும் இடிக்கலையேம்மா."

பால் கறை வைக்கத் தெரிந்தது எனக்கு. இது தோன்றவில்லையே!

வாசலில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என் ரிப்போர்ட் அடுத்த வெள்ளிக்கிழமைதான் போகும். நான் எழுதிப் போனா இதுவரைக்கும் வாங்கின பணத்தையும் திருப்பிக் கேப்பாங்க. நீங்களே வந்து சொல்லிட்டா இனிமேலுக்கு மட்டும்தான் குறையும். யோசிச்சுக்குங்க."

ஜூன் 12

"நீ உன் ரூமுக்கே போயிடு. நிஜமாவே போயிடு. அப்போ பொய்யும் இல்ல, காசும் குறையாது. என்னால உன் காசு போகக் கூடாது" என்கிறார் டிரைவர். ரொம்ப நல்ல மனசு! எனக்கு வந்த கோபத்தில் தலையணையை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 13

எதிர் அறையில் ஊன்றுகோல் சத்தம். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். நிறுத்தம் கொஞ்சம் நீண்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். விழுந்தால் யார் தூக்குவது?

ஜூன் 14

இடது முழங்காலும்.

ஜூன் 15

அரசாங்கத்தைத் திட்ட மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை போனபோது, இந்தத் தொகை இல்லையென்றால் தங்கை வீட்டு மூலையில் ஒரு பாயோடு முடிந்திருப்பேன். யாரிடமும் கையேந்தாமல் நிற்க வைத்தது இதுதான். அதனால்தான் பாதியை இழக்கக்கூட இவ்வளவு பயம்.

ஆனால், தனித்து நிற்பதற்கு வாங்கிய பணம், தனியாகக் கிடப்பதற்கு வாங்கும் கூலியாக எப்போது மாறியது? நான் கவனிக்கவே இல்லையே.

இந்த அறையை விட்டால் வாடகை மிச்சம். அது முழுசாக ஈடுகட்டாது. மருந்து வாங்கியபிறகு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். பிடிக்கலாம். இரண்டு பேர் பிடித்தால் பிடிக்கலாம்.

ஜூன் 16

கதவைத் தட்டினேன். "யாருங்க?" என்றார். நிஜமாகவே கேட்டார், பாவி மனுஷன்!

"நாளைக்கு ஆபீசுக்குப் போறோம். சட்டையை எடுத்து வைங்க."

"உன் காசு..."

"என் காசுதானே? நான் பார்த்துக்கறேன்."

ஜூன் 17

கவுண்டரில் கேட்டார்கள்: "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

டிரைவர் தொண்டையைச் செருமினார். "என் வீட்டுக்காரி" என்றார். பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரல். வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. வீடு வரும்வரை அவர் கையை நான் விடவில்லை.

ஜூலை 3

பாதிதான் வந்திருக்கிறது. சொன்னபடி. பழக்கடைப் பக்கம் போகவில்லை.

ஜூலை 9

என் பழைய அறையைப் பார்க்க ஒருவர் வந்தார். ஓனர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், திறந்து காட்டினேன். "இந்த மேஜையும் ரூமோட சேர்ந்ததாங்க?" என்று கேட்டார். "வச்சுக்குங்க. ஆனா முழங்காலை மட்டும் பார்த்துக்குங்க" என்றேன்.

எங்கள் அறைக்கு வந்து, டீ போட்டு, இருவரும் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபிறகுதான் அந்த மனிதர் கதவைத் தட்டினார். என் கோலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.