மணி அடிக்காத வார்டு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. காலையில் இரண்டு முறை போன் செய்தேன். நீ கூட்டத்தில் இருப்பதாக உன் உதவியாளர் சொன்னார். அவசரமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வார்டு சுத்தம். நர்ஸம்மா அன்பானவர், அம்மாவை வலிக்காமல் புரட்டிப் படுக்கவைப்பார். நீ சொன்னபடியே, நீ யார் என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் நீ கொண்டுபோய்ச் சேர்த்த அந்த மின்சார மணி, இங்கும் கட்டிலுக்குக் கட்டில் இருக்கிறது. நோயாளியிடம் ஏதோ சரியில்லை என்று வீட்டார் நினைத்தால் அடிக்கலாம், டாக்டர் உடனே வர வேண்டும் என்று சுவரிலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை முறை அடித்தது என்று மாதாமாதம் ஒப்பிட்டு அனுப்புகிறீர்கள் அல்லவா? அதை இவர்கள் பரீட்சை முடிவு போல எடுத்துக்கொண்டுவிட்டார்கள். குறைவாக அடித்தால் நல்ல பெயராம். நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கவும் கூடும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவரின் மனைவி இருந்தார். டிரைவர் கலகலப்பானவர். "சார், எங்க வண்டியில பெல் அடிச்சா நிறுத்துவோம், இங்க அடிச்சா முறைக்கிறாங்க" என்று சொல்லி உன் அம்மாவையே சிரிக்கவைத்தார். போன மாதக் கடைசியில் ஒரு மதியம் அந்த அம்மாளுக்குப் பேச்சு குழறியது, கை சில்லிட்டது. டிரைவர் மணியின் சுவிட்சைக் கையில் எடுத்தார். நர்ஸம்மா ஓடிவந்து, "அண்ணே, மாசம் முடியப்போகுது, இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்ல, கெடுத்துடாதீங்க. வலி மருந்துக்கு அப்படித்தான் இருக்கும்" என்று கெஞ்சினார். அவர் அதைக் கீழே வைத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் முன்பே வந்திருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருப்பாரா? எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த மாதம் இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் முதலிடம். வெள்ளிக்கிழமை கேடயம் கொடுக்க நீ வருகிறாய் என்று, என் மகள் என்று தெரியாமலே, என்னிடமே சொல்கிறார்கள்.

நேற்றிலிருந்து அம்மாவுக்குக் காய்ச்சல். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். விடிந்ததும் நான் மணியை அடித்தேன். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அடித்தேன். பிறகுதான் பார்த்தேன், ஒயரைக் கழற்றி ஒழுங்காகச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாக் கட்டிலிலும் அப்படித்தான். டாக்டர் சாயங்காலம் வருவார் என்கிறார்கள். அதன் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் அந்த டிரைவர்தான். மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். நீ என் மகள் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்; மணி உன்னுடைய ஏற்பாடு என்று அவருக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்பதை நீயே யோசித்துக்கொள். முதலில் உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடு.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வரை பொறுக்க வேண்டாம், மகளே. அவருடைய பஸ் பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து கிளம்பி இங்கே திரும்புகிறது. அதிலேயே ஏறி வந்துவிடு.

உன் அப்பா