உன் உடம்புக்கு அளவெடுத்த கார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் கழுத்தைத் தவிர. அங்கே நீயும் மருமகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், உன் இடுப்பைத் தவிர. இடுப்பு வலியை நீ சொல்லவில்லை, மருமகள்தான் போனில் சொன்னாள், அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே. வெந்நீர் ஒத்தடம் கொடு, குனிந்து எதையும் தூக்காதே.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்களுக்கு அனுப்பிவைத்த அந்தக் காரைத் தொடர்ந்து செய்வதா நிறுத்துவதா என்று உங்கள் கம்பெனியில் கூடிப் பேசப்போகிறார்கள், அங்கே வாசிக்க நாலு வரி நல்லதாக எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். உள்ளே உட்காரும் இடம் முழுக்க நீ வடிவமைத்த உன் கைவேலை, அதனால் கூட்டத்தில் உன் தலைதான் உருளும் என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் பேனாவோடு உட்கார்ந்து பார்த்தேன். நல்ல வரி ஒன்று கிடைத்தது, நிறம் அழகாக இருக்கிறது. மற்ற மூன்றும் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய கார் வந்து இறங்கிய அன்று தெருவே கூடியது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, எம் பையன் செஞ்சது, எம் பையன் செஞ்சது என்று பேப்பர் போடுகிறவரைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னார். எல்லோரும் சுற்றி வந்தார்கள், தடவிப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஒருவரும் விலை கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. பிறகு வண்டியை சர்வீஸுக்கு விடப் போனபோது ஷோரூம்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். எல்லாரும் மொதல்ல இதுகிட்டதாம்மா வர்றாங்க, உக்காந்து பாக்குறாங்க, எறங்குறதுக்குள்ள மனசு மாறிடுது, பக்கத்துல நிக்கிற உயரமான வண்டிய புக் பண்ணிட்டுப் போயிடுறாங்க என்றார். இதை ஆசைப்படுகிறவர்களிடம் காசில்லையாம், காசு இருக்கிறவர்களுக்கு முட்டி மடங்கவில்லையாம். அப்படியே ஒருத்தர் துணிந்து வந்தாலும் அவர் வீட்டுக்காரம்மா பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பாராம். வெளியே வந்து கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டு நேரே வாசலுக்கு நடப்பாராம், அதோடு வியாபாரம் முடிந்ததாம். உட்காருவதற்கு மட்டும் அவர் ஒரு வழி சொல்லித் தருகிறார், முதலில் உட்கார்ந்துவிட்டுக் காலை அப்புறம் உள்ளே எடுக்க வேண்டும். இறங்குவதற்கு வழி எதுவும் சொல்வதில்லை, கை கொடுக்கிறார்.

என் தொழில் உனக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற யாரையும் முதல் நாள் நான் சாவியைத் தொட விடுவதில்லை, சீட்டை மட்டும் சரிசெய்ய வைப்பேன். முதுகு சீட்டில் ஒட்டியிருக்கும்போது கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும், கிளட்சை முழுக்க மிதித்தாலும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், தலைக்கு மேலே ஒரு கை நுழைய வேண்டும். இதையே உன் காரில் என் மாணவர்களை வைத்துச் செய்து பார்த்தேன். ஒரு நர்ஸ், அவருக்குக் கிளட்ச் எட்டும்படி சீட்டை இழுத்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. ஒரு தையற்காரர், அவருக்கு மணிக்கட்டு படிந்தால் தலை கூரையில் முட்டியது, அவர் கூரையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிரிச்சு விட முடியாதாம்மா என்று கேட்டார். ரிட்டயரான பேங்க் மேனேஜர் ஒருவர் மட்டும் சொகுசாகத்தான் இருக்கு என்றார். வெகு நேரம் இருந்தார். இறங்க முடியாமல்தான் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. நானும் தையற்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். இப்போது அவர் வேறு டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறார்.

யார் உடம்பைப் பார்த்துத்தான் இவன் அளவெடுத்தான் என்று எனக்கு மண்டை குடைந்தது. ஒரு நாள் மாணவர்கள் போன பிறகு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்தக் காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பொருந்துகிற ஆளை நினைத்துப் பார்த்தேன், முதுகு பின்னால் சாய்ந்து, கால் நீளமாக நீண்டு, ஒரு கை ஸ்டியரிங்கின் மேலே, இன்னொரு முழங்கை ஜன்னலில் வைக்கத் தோதாக ஒரு பள்ளம். அப்புறம்தான் உறைத்தது. அது நீதான் கண்ணா. காலேஜ் படிக்கும்போது உனக்கு ஓட்டக் கற்றுத்தந்தவள் நான். தினமும் நிமிர்ந்து உக்காருடா, நிமிர்ந்து உக்காருடா என்று தொண்டை வற்றக் கத்துவேன், இதாம்மா ஸ்டைல் என்று நீ இன்னும் கொஞ்சம் சரிவாய். அந்தச் சரிவை அப்படியே கொண்டுபோய் இரும்பில் வார்த்து ஊருக்கெல்லாம் விற்கப் பார்த்திருக்கிறாய். அந்த உயரமும் அந்த ஒல்லியும் வலிக்காத அந்த இடுப்பும் இருந்த ஒரே ஆள் நீ. இப்போது நீயும் அந்த ஆள் இல்லை. பிறகு எப்படி விற்கும்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு, நாலு வரி பொய்யாக எழுதிக் கொடுத்திருப்பேன், பெற்ற மனசுதானே. ஆனால் போன வாரம் அப்பா தெருமுனையில் திரும்பும்போது உன் அத்தை ரோட்டைக் கடந்திருக்கிறாள். உன் அத்தையின் உருவம் உனக்கே தெரியும், அவளை எதுவும் மறைக்க முடியாது என்று நினைத்திருந்தேன். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் சரிந்து வருகிறதே தடித்த தூண், அது மறைத்துவிட்டது. அப்பா தாழ உட்கார்ந்து, கூரைக்குப் பயந்து தலையை வேறு சாய்த்திருந்ததால் அது அவர் கண்ணுக்கு நேராக நின்றிருக்கிறது. அத்தை போட்ட சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்தார். கைப்பையைத் தட்டிவிட்டு வண்டி நின்றது. அவளுக்கு ஒன்றுமில்லை. அப்பா வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பையனுக்கு எழுதாத, அவன் கைவேலை, மனசு ஒடிஞ்சிடுவான் என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு இன்னும் பயம் போகவில்லை கண்ணா. உன் அத்தைக்கு அந்தக் குரல் இருந்தது, பிழைத்தாள். தெருவில் போகிற எல்லோருக்கும் அப்படிக் குரல் இருக்காது.

அதனால் கூட்டத்தில் மற்றவர்கள் வாயைத் திறக்கும் முன் நீயே சொல்லிவிடு. சீட்டை உயர்த்த வேண்டும், கூரையையும் உயர்த்த வேண்டும், ஸ்டியரிங்கைக் கிட்டே இழுக்க வழி வேண்டும், அந்தத் தூணை மெலிதாக்க வேண்டும், முடியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும், இது என் வேலை, நான்தான் தப்பாகச் செய்தேன் என்று சொல். வேலை போய்விடுமோ என்று நீ பயப்படுவாய், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. போனால் இங்கே வா. டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது, ஆனால் முதல் நாள் சாவி தர மாட்டேன்.

வண்டியை உறை போட்டு மூடி வைத்திருக்கிறோம். சாயங்காலம் ஆனால் அப்பா உறையை விலக்கி உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிடுகிறார், நான் போய்க் கை கொடுக்கிறேன். இப்போதும் கழுத்தில் பட்டையோடு எதிரில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. சீட்டு மட்டும் ரொம்ப நல்லா இருக்குன்னு ஒரு வரி சேத்துக்கோ என்கிறார். சேர்த்துவிட்டேன்.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உங்களோடு இருக்கும். ஒத்தடத்தை மறக்காதே. கூட்டத்தில் உன் முறை வரும்போது நிமிர்ந்து உட்கார்.

அன்புடன்,
உன் அம்மா